‘ஓல்ட்’ என்னும் சொல்லும் அதன் சுற்றமும்

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பல, ‘ஓல்ட்’ என்ற ஒரே ஆங்கிலப் பெயரடையைச் சுற்றியே அமைந்திருந்தன. சிறு வகுப்பிலேயே கற்றுவிடும் சொல்தானே என்று கடந்துபோகாமல் வாசகர்கள் அதை நின்று கவனித்திருப்பது மகிழ்ச்சி அளிக்கிறது. ஆகவே இந்தப் பகுதி முழுவதையும் அந்தச் சொல்லுக்கும் அதனோடு பொருள் நெருக்கமுள்ள சொற்களுக்குமே ஒதுக்கியிருக்கிறோம். ஆங்கிலச் சொற்கள் யாவும் ஒலிப்பை ஒட்டித் தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன.

கேள்வி: பள்ளியில் எனக்குக் கற்பித்த ஆசிரியை ஒருவரைப் பல ஆண்டுகள் கழித்துச் சந்தித்தபோது, உடன் இருந்தவர்களிடம் அவரை ‘மை ஓல்ட் டீச்சர்’ என்று அறிமுகப்படுத்தினேன். அவருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. பின்னர் என் தோழி, ‘அவரைக் கிழவி என்று சொல்லிவிட்டாயே’ என்று கடிந்துகொண்டாள். நான் சொன்னது பிழையா? (ஒரு வாசகி)

பதில்: பிழையில்லை, நீங்கள் சொன்னது நல்ல ஆங்கிலம். ஆனால் உங்கள் தோழிக்கு அப்படித் தோன்றியதற்கும் காரணம் இருக்கிறது. ‘பழைய ஆசிரியை’ என்றும் ‘வயதான ஆசிரியை’ என்றும் தமிழில் நாம் தனித்தனியே வைத்திருக்கும் இரண்டு கருத்துகளையும் ஆங்கிலம் ‘ஓல்ட்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. முதலாவதில் பழையது ஆசிரியை அல்லர், உங்களுக்கும் அவருக்கும் இருந்த ஆசிரியர்–மாணவி உறவு. இரண்டாவதில் முதுமை அவருடைய ஆளுக்கே உரியது. இந்தச் சொல்லால் எழும் குழப்பங்களில் பெரும்பாலானவை, ‘இங்கே ஆண்டுகள் எதன்மேல் ஏறியிருக்கின்றன, ஆளின்மேலா உறவின்மேலா?’ என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தால் தெளிந்துவிடும் என்பது என் அனுபவம்.

உடைமையைக் காட்டும் ‘மை’, ‘ஹிஸ்’, ‘ஹெர்’ போன்ற சொற்கள் முன்னால் வரும்போது பெரும்பாலும் உறவுப் பொருளே முந்திக்கொள்ளும். ‘மை ஓல்ட் ஸ்கூல்’ என்றால் நான் படித்த பள்ளி. அதன் கட்டடம் புத்தம் புதிதாக இருந்தாலும் அது என்னுடைய ‘ஓல்ட் ஸ்கூல்’தான். ‘மை ஓல்ட் ஹவுஸ்’ என்றால் முன்பு குடியிருந்த வீடு என்ற பொருளே முதலில் மனத்தில் எழும். அதே சொல் ‘அன் ஓல்ட் ஹவுஸ்’ என்று வந்தால், கட்டி நெடுங்காலம் ஆன வீடு என்று பொருள் மாறிவிடும். இன்னொரு சோதனையும் உண்டு. பெயருக்கு முன்னால் நிற்கும் ‘ஓல்ட்’டை எடுத்து வாக்கியத்தின் பயனிலையில் வைத்துப் பாருங்கள். ‘மை டீச்சர் இஸ் ஓல்ட்’ என்றால் ஆசிரியைக்கு வயதாகிவிட்டது என்பதைத் தவிர வேறு பொருளே இல்லை. உறவின் பழமையைச் சொல்லும் பொருள், பெயருக்கு முன்னால் நிற்கும்போது மட்டுமே இந்தச் சொல்லுக்கு வாய்க்கிறது.

ஐயத்துக்கே இடம் வேண்டாம் என்று நினைத்தால் ‘முன்னாள்’ என்று பொருள்படும் ‘ஃபார்மர்’ என்ற சொல்லைப் பயன்படுத்தலாம். ‘மை ஃபார்மர் டீச்சர்’ என்பதில் வயது பற்றிய பேச்சே இல்லை. ஆனால் இந்த மாற்று எல்லா இடங்களுக்கும் பொருந்தாது. ‘மை ஓல்ட் ஃபிரெண்ட்’ என்றால் நெடுநாள் நண்பர், இன்றும் நண்பராகவே இருப்பவர். ‘மை ஃபார்மர் ஃபிரெண்ட்’ என்றாலோ ஒரு காலத்தில் நண்பராக இருந்து, இப்போது நட்பு முறிந்துபோனவர். நண்பரைப் பெருமைப்படுத்த எண்ணி இந்தச் சொல்லை எழுதினால், எழுதியவர் அறியாமலே அந்த நட்பை முடித்து வைத்துவிடும். ஆசிரியர், மாணவர், மேலதிகாரி போன்ற உறவுகள் ஒரு காலத்தில் முடிவடைபவை என்பதால், அவற்றோடு சேரும் ‘ஓல்ட்’ முடிந்துபோன உறவைச் சொல்கிறது. நட்புக்கு அப்படி ஒரு முடிவு நாள் இல்லாததால், அதனோடு சேரும் ‘ஓல்ட்’ தொடர்ந்துவரும் உறவின் நீளத்தைச் சொல்கிறது. ஒரே பெயரடை, தான் சேரும் பெயரைப் பொறுத்து முடிவையும் தொடர்ச்சியையும் சொல்ல வல்லதாக இருப்பதை நான் இம்மொழியின் அழகுகளில் ஒன்றாகவே கருதுகிறேன்.

கேள்வி: பிறந்து இரண்டே நாளான குழந்தையைக்கூட ஆங்கிலத்தில் ‘டூ டேஸ் ஓல்ட்’ என்கிறார்கள். இரண்டு நாள் குழந்தை எப்படி ‘ஓல்ட்’ ஆகும்? (ஒரு கல்லூரி மாணவர்)

பதில்: இந்தக் கேள்விக்கு விடை அந்தச் சொல்லின் வேரிலேயே இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் ‘எயால்ட்’ அல்லது ‘ஆல்ட்’ என்று வழங்கிய இச்சொல், வளர்தல், ஊட்டி வளர்த்தல் என்னும் பொருளுடைய ‘அல்’ என்ற மூல இந்தோ-ஐரோப்பிய (ஆங்கிலம், லத்தீன் முதலிய பல மொழிகளுக்கு மூதாதையாகக் கருதப்படும் மொழியின்) வேரிலிருந்து வந்தது. அதே வேரிலிருந்து லத்தீனில் ஊட்டி வளர்ப்பதைக் குறிக்கும் ‘அலெரே’ என்ற வினை பிறந்தது. வளரிளம் பருவத்தவரைக் குறிக்கும் ‘அடோலசென்ட்’, வளர்ந்தவரைக் குறிக்கும் ‘அடல்ட்’ ஆகிய சொற்கள் அதன் வழியே ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தன. ஆக, ‘ஓல்ட்’ என்பதன் அடியில் கிடக்கும் கருத்து முதுமை அன்று, வளர்ச்சி. இரண்டு நாள் வளர்ந்திருக்கிறது என்று சொல்வதில் முரண்பாடு ஒன்றும் இல்லை அல்லவா?

இன்றைய இலக்கண நோக்கிலும் இதை விளக்கலாம். உயரத்துக்கு ‘டால்’, நீளத்துக்கு ‘லாங்’, ஆழத்துக்கு ‘டீப்’ என்று அளவைக் கேட்கும் பெயரடைகள் ஆங்கிலத்தில் உண்டு. மூன்றடிச் சிறுவனைப் பற்றியும் ‘ஹவ் டால்’ என்றுதான் கேட்பார்கள். அவன் நெட்டையன் என்று அதற்குப் பொருள் இல்லை. வயதுக்கு உரிய அளவைச் சொல்லாக ‘ஓல்ட்’ அமைந்திருக்கிறது. எண்ணும் காலப் பெயரும் முன்னால் வந்துவிட்டால் அது வெறும் அளவு. அவை இல்லாமல் தனித்து நின்றால்தான் முதுமை.

தமிழில் ‘எனக்கு வயது இருபது’ என்கிறோம். வயது என்ற பெயர்ச்சொல்லை வைத்தே கருத்தைச் சொல்லிப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கத்தில் ‘மை ஏஜ் இஸ் ட்வென்டி’ என்று சொல்லிவிடுகிறோம். இலக்கணப்படி அதில் குற்றமில்லை. ஆனால் இயல்பான பேச்சில் ‘ஐ ஆம் ட்வென்டி’ என்றோ ‘ஐ ஆம் ட்வென்டி இயர்ஸ் ஓல்ட்’ என்றோ சொல்வதே வழக்கம். இங்கே பன்மை விகுதி பற்றியும் ஒரு சொல். வாக்கியத்தின் பயனிலையில் ‘டென் இயர்ஸ் ஓல்ட்’ என்று பன்மையாக வருவது, பெயருக்கு முன்னால் வரும்போது ‘எ டென்-இயர்-ஓல்ட் பாய்’ என்று ஒருமையாகி, இடையே சிறு கோடுகளும் பெறும். ‘எ டென் இயர்ஸ் ஓல்ட் பாய்’ என்று எழுதுவது தவறு. அந்தத் தொடரே பெயர்ச்சொல்லாக மாறினால் பன்மை விகுதி கடைசியில் போய் ஒட்டிக்கொள்ளும். பத்து வயதுச் சிறுவர்கள் ‘டென்-இயர்-ஓல்ட்ஸ்’ ஆவார்கள்.

கேள்வி: ‘எல்டர்’, ‘ஓல்டர்’ இரண்டும் ஒன்றுதானா? ‘ஹி இஸ் எல்டர் தேன் மீ’ என்று நான் எழுதியதை அலுவலகத்தில் ஒருவர் ‘எல்டர் டு மீ’ என்று திருத்தினார். இன்னொருவர் அதுவும் தவறு என்கிறார். சிலருடைய பெயருக்குப் பின்னால் ‘தி எல்டர்’ என்று வருவது ஏன்? (அலுவலகப் பணியில் இருக்கும் ஒரு வாசகர்)

பதில்: இரண்டாவதாகச் சொன்னவரே சரி. ‘ஹி இஸ் ஓல்டர் தேன் மீ’ என்பதுதான் இன்றைய வழக்கு.

‘எல்டர்’ என்பதே ‘ஓல்ட்’ என்ற சொல்லின் தொன்மையான ஒப்பீட்டு வடிவம். பழைய ஆங்கிலத்துக்கு முந்தைய காலத்தில், பின்னால் வந்த இகர ஒலியின் ஈர்ப்பால் முன்னால் இருந்த உயிரொலி மாறிப்போவது வழக்கமாக இருந்தது. ‘ஃபுட்’ என்பதன் பன்மை ‘ஃபீட்’ ஆனதும், ‘லாங்’ என்பதிலிருந்து ‘லென்த்’ என்றும் ‘ஸ்ட்ராங்’ என்பதிலிருந்து ‘ஸ்ட்ரென்த்’ என்றும் பெயர்ச்சொற்கள் தோன்றியதும் அதே ஒலிமாற்றத்தால்தான். பிற்காலத்தில், எல்லாச் சொற்களையும் ஒரே அச்சில் வார்க்கும் போக்கு வந்தபோது ‘ஓல்டர்’, ‘ஓல்டஸ்ட்’ என்ற ஒழுங்கான வடிவங்கள் உருவாகிப் பொதுப் பயன்பாட்டைக் கைப்பற்றிக்கொண்டன. ‘எல்டர்’, ‘எல்டஸ்ட்’ இரண்டும் குடும்பத்துக்குள் ஒதுங்கின. இன்று அவை பெரும்பாலும் உடன்பிறந்தோர், மக்கள் ஆகியோரின் பிறப்பு வரிசையைக் காட்டவே வருகின்றன.

வரிசையைக் காட்டுவதாலேயே ‘எல்டர்’ என்ற சொல் ஒப்பீட்டுக்குரிய ‘தேன்’ என்ற சொல்லை ஏற்பதில்லை. ‘மை எல்டர் பிரதர்’ என்பது நம் ‘அண்ணன்’. ‘ஹி இஸ் மை எல்டர் பிரதர்’ என்பது முறையான வாக்கியம். தமிழில் அண்ணன், அக்கா, தம்பி, தங்கை என்று மூப்பும் இளமையும் பெயரிலேயே பொதிந்திருப்பதால் நமக்குத் தனியே ஒரு பெயரடை தேவைப்படுவதில்லை. ஆங்கிலத்தில் ‘பிரதர்’ என்ற சொல் அண்ணனா தம்பியா என்று சொல்வதில்லை. அந்த இடைவெளியை நிரப்புவதற்காக நாம் ‘எல்டர்’ என்ற சொல்லை அடிக்கடி எடுக்கிறோம், எடுத்துப் பழகியதால் அதற்கு உரிமையில்லாத இடங்களுக்கும் கொண்டுபோய்விடுகிறோம். உடன்பிறந்தோர் விஷயத்திலும் ‘ஓல்டர் பிரதர்’ என்று சொல்வது முற்றிலும் சரியே. அமெரிக்க ஆங்கிலத்தில் அதுவே மிகுதியாக வழங்குகிறது. இருவருள் மூத்தவர் ‘எல்டர்’, மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோருள் மூத்தவர் ‘எல்டஸ்ட்’ என்ற வேறுபாட்டைக் கவனமாக எழுதுவோர் இன்றும் காக்கிறார்கள்.

‘எல்டர் டு மீ’ என்ற திருத்தம் எங்கிருந்து வந்திருக்கும் என்பதையும் ஊகிக்க முடிகிறது. ‘சீனியர் டு மீ’ என்பது சரியான தொடர். ‘சீனியர்’, ‘ஜூனியர்’, ‘சுப்பீரியர்’, ‘இன்ஃபீரியர்’ ஆகியவை லத்தீனில் ஒப்பீட்டு வடிவங்களாக இருந்து, அப்படியே ஆங்கிலத்துக்கு வந்தவை. அவற்றோடு ‘தேன்’ வராது, ‘டு’தான் வரும். அந்த விதியை ‘எல்டர்’ மீதும் ஏற்றிவிட்டதால் நேர்ந்த பிழை இது. ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ‘சீனியர்’ என்ற சொல் அலுவலகச் சூழலில் வயதைவிடப் பதவியையும் பணிக்காலத்தையுமே குறிக்கும். வயதைச் சொல்லத்தான் வேண்டுமென்றால் ‘ஓல்டர் தேன்’ என்று எழுதிவிடுவது பாதுகாப்பானது.

பெயருக்குப் பின்னால் வரும் ‘தி எல்டர்’ பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஒரே பெயருடைய இருவரைப் பிரித்துக் காட்டுவதற்காக வருவது அது. பிரிட்டனில் பிரதமர்களாக இருந்த தந்தையும் மகனும் வில்லியம் பிட் என்ற ஒரே பெயரைத் தாங்கியவர்கள். 1708இல் பிறந்த தந்தை ‘பிட் தி எல்டர்’ என்றும், 1759இல் பிறந்த மகன் ‘பிட் தி யங்கர்’ என்றும் வரலாற்றில் குறிக்கப்படுகிறார்கள். அவர்கள் வாழ்ந்து முடித்து இரு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆகியும் மகன் ‘யங்கர்’ ஆகவே இருக்கிறார். ஏனென்றால் அந்தச் சொல் அங்கே பருவத்தைச் சொல்லவில்லை, வரிசையைச் சொல்கிறது.

கேள்வி: முதியவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும்போது மனம் புண்படாமல் எழுத எந்தச் சொல் ஏற்றது? ‘ஓல்ட் மேன்’, ‘ஏஜ்டு’, ‘எல்டர்லி’, ‘சீனியர் சிட்டிசன்’ என்று பலவற்றைப் பார்க்கிறேன். (முதியோர் நலப் பணியில் ஈடுபட்டுள்ள ஒரு வாசகி)

பதில்: உங்கள் பணியின் தன்மையாலேயே இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது என்று உணர்கிறேன்; அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

‘ஓல்ட் மேன்’, ‘ஓல்ட் உமன்’ என்பவை இகழ்ச்சிச் சொற்கள் அல்ல. ஆனாலும் ஒருவரைச் சுட்டி அப்படிச் சொல்லும்போது, அவரிடம் குறிப்பிடத்தக்கது முதுமை ஒன்றுதான் என்ற தொனி வந்துவிடுகிறது. ‘எல்டர்லி’ அதைவிட மென்மையானது. நீண்ட காலமாக மரியாதைச் சொல்லாகவே வழங்கிவந்தது. ஆனால் உடல் தளர்ச்சியும் பிறரைச் சார்ந்திருக்கும் நிலையும் அதில் மறைவாகக் கலந்திருப்பதாகப் பலர் கருதத் தொடங்கியதால், அண்மைக் காலத்தில் அதன் பயன்பாட்டைப் பல அமைப்புகள் தவிர்க்கின்றன. இதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. அக்டோபர் 1ஆம் நாளை முதியோருக்கான உலக நாளாக ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 1990இல் அறிவித்தபோது, அதன் ஆங்கிலப் பெயரில் ‘தி எல்டர்லி’ என்றே இருந்தது. பின்னர் அது ‘ஓல்டர் பெர்சன்ஸ்’ என்று மாற்றப்பட்டது. 1999ஆம் ஆண்டு உலக முதியோர் ஆண்டாகக் கொண்டாடப்பட்டபோதும் இந்தப் புதிய பெயரே வழங்கியது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. இலக்கணப்படி ‘ஓல்டர்’ என்பது ‘ஓல்ட்’ என்பதைவிடக் கூடுதலான முதுமையைச் சொல்ல வேண்டும். ஆனால் எவரோடும் ஒப்பிடாமல் ‘அன் ஓல்டர் மேன்’ என்று சொன்னால், அவர் ‘அன் ஓல்ட் மேன்’ என்பவரைவிட இளையவராகவே கேட்பவருக்குத் தோன்றுகிறார். முழு முதுமையைச் சொல்லாமல், இளமையிலிருந்து சற்று விலகி வந்திருக்கிறார் என்று மட்டும் அந்தச் சொல் தெரிவிக்கிறது. தமிழிலும் ‘முதியவர்’ என்பதைவிட ‘பெரியவர்’ என்பது இதமாக ஒலிக்கிறது. அங்கேயும் நாம் வயதை நேராகச் சொல்லாமல் அளவால் சொல்லித் தப்பிக்கிறோம். ஆகவே பொதுவான கட்டுரைகளுக்கு ‘ஓல்டர் பீப்பிள்’ அல்லது ‘ஓல்டர் பெர்சன்ஸ்’ என்பதையே நான் பரிந்துரைப்பேன். ‘சீனியர் சிட்டிசன்’ என்பது 1930களில் அமெரிக்காவில் தோன்றிய தொடர். சலுகை, ஓய்வூதியம், வரி முதலியவற்றைப் பற்றி எழுதும்போது அதற்குத் தெளிவான பொருள் உண்டு. வீட்டுத் தாத்தாவைப் பற்றிய உருக்கமான கட்டுரையில் அது அரசு அறிவிப்பைப் போல ஒலிக்கும்.

‘ஏஜ்டு’ என்ற சொல்லுக்கு இரண்டு ஒலிப்புகள் உள்ளன. ‘அறுபது வயதுடைய’ என்ற பொருளில் ‘ஏஜ்டு சிக்ஸ்டி’ என்று வரும்போது ஓரசையாக ஒலிக்க வேண்டும். மிகவும் வயதான என்ற பொருளில் பெயருக்கு முன்னால் வரும்போது ‘ஏஜிட்’ என்று ஈரசையாக ஒலிக்க வேண்டும். எழுத்து இரண்டுக்கும் ஒன்றே.

இந்தச் சொற்களைப் பற்றி எண்ணும்போதெல்லாம் என்னை வியக்கவைக்கும் ஒன்றையும் பகிர்ந்துகொள்கிறேன். லத்தீனில் ‘செனெக்ஸ்’ என்றால் முதியவர். அதன் ஒப்பீட்டு வடிவமே ‘செனியோர்’. மூத்தவர் என்ற அந்தச் சொல் பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து, தலைவரையும் பெருமகனையும் குறித்து, இறுதியில் ஆங்கிலத்தின் ‘சர்’ என்ற மரியாதை விளியாக நிலைத்தது. தமிழில் ‘கிழவன்’ என்ற சொல் இதற்கு எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. பழந்தமிழில் ‘கிழமை’ என்றால் உரிமை. ‘கிழவன்’ என்றால் உரியவன், தலைவன். தொல்காப்பியம் அகத்திணையின் தலைவனையும் தலைவியையும் கிழவன், கிழத்தி என்றே குறிப்பிடுகிறது. தலைமையைக் குறித்த அந்தச் சொல் முதுமையைக் குறிக்க வந்து, இன்று முகத்துக்கு நேரே சொன்னால் வருத்தம் தரும் சொல்லாகிவிட்டது. ஒரு மொழியில் முதுமை தலைமையாக உயர்ந்தது. மற்றொன்றில் தலைமை முதுமையாகித் தாழ்ந்தது.

கேள்வி: ‘ஏன்ஷியன்ட்’, ‘ஆன்டீக்’, ‘விண்டேஜ்’, ‘ஆர்க்கெயிக்’, ‘ஆப்சலீட்’ ஆகிய எல்லாவற்றுக்கும் அகராதியில் ‘பழைய’ என்றே பொருள் இருக்கிறது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை எழுதலாமா? (ஒரு மொழிபெயர்ப்பாளர்)

பதில்: எழுதக் கூடாது. பொருள் நெருக்கம் உண்டே தவிர, ஒவ்வொரு சொல்லும் பழமையை வெவ்வேறு கோணத்திலிருந்து பார்க்கிறது.

‘ஏன்ஷியன்ட்’ மிக நீண்ட கால இடைவெளியைச் சொல்வது. தமிழில் ‘தொன்மையான’, ‘பண்டைய’ என்பவை அதற்கு நிகர். ‘முன்னால்’ என்று பொருள்படும் ‘ஆன்டே’ என்ற லத்தீன் சொல்லின் வழிவந்தது. பிரெஞ்சில் ‘ஆன்சியென்’ என்று இருந்ததன் கடைசியில் டகர ஒலியை ஆங்கிலேயர்களே சேர்த்துக்கொண்டார்கள். உலக வரலாற்றில் ‘ஏன்ஷியன்ட் ஹிஸ்டரி’ என்பது பொதுவாகத் தொடக்க கால நாகரிகங்கள் முதல் மேற்கு ரோமப் பேரரசு வீழ்ந்த 476ஆம் ஆண்டு வரையிலான காலத்தைக் குறிக்கும். ஆகவே நூறு ஆண்டு பழமையான கட்டடத்தை ‘ஏன்ஷியன்ட்’ என்று மொழிபெயர்ப்பது மிகை.

‘ஆன்டீக்’ அதே ‘ஆன்டே’ வழிவந்ததுதான். ஆனால் அதன் பார்வை பொருளின் மதிப்பின்மேல் இருக்கிறது. பழையதாக இருப்பதோடு, பழையதாக இருப்பதாலேயே விலைமதிப்பும் பெற்ற பொருள் ‘ஆன்டீக்’. நாடுகள் பொதுவாகப் பின்பற்றும் சுங்கப் பொருள் வகைப்பாட்டில் 100 ஆண்டுகளைத் தாண்டிய பொருட்களே இந்தப் பெயரின்கீழ் வருகின்றன. ‘விண்டேஜ்’ என்ற சொல்லின் தொடக்கம் திராட்சைத் தோட்டத்தில் இருக்கிறது. திராட்சை அறுவடையைக் குறித்த ‘விண்டேமியா’ என்ற லத்தீன் சொல் அதன் மூலம். எந்த ஆண்டின் அறுவடையில் செய்த மது என்று குறிப்பதற்கு அது பயன்பட்டு, பிறகு ஒரு குறிப்பிட்ட காலத்தின் முத்திரையைத் தாங்கி நிற்கும் எந்தப் பொருளுக்கும் பெயரடையாயிற்று. மோட்டார் வண்டிகளைப் பொறுத்தவரை, பிரிட்டனில் 1919 முதல் 1930 வரை செய்யப்பட்டவையே இந்தப் பெயருக்கு உரியவை. ஆக, ‘விண்டேஜ்’ என்பதில் ‘எவ்வளவு பழையது’ என்ற கேள்வியைவிட ‘எந்தக் காலத்தது’ என்ற கேள்வியே பெரிது.

எஞ்சிய இரண்டும் மொழிபெயர்ப்பாளருக்கு இன்றியமையாதவை. அகராதியைப் புரட்டும் ஒவ்வொரு நாளும் அவற்றைச் சந்திப்பீர்கள். ஒரு சொல்லுக்கு அருகில் ‘ஆர்க்கெயிக்’ என்று குறிப்பிட்டிருந்தால், அந்தச் சொல் அன்றாட வழக்கிலிருந்து விலகிவிட்டது, ஆனால் பழங்கால மணம் வேண்டி வழிபாட்டிலோ செய்யுளிலோ சட்ட வாசகத்திலோ இன்றும் எடுத்தாளப்படுகிறது என்று பொருள். முன்னிலை ஒருமையைக் குறிக்கும் ‘தௌ’ அப்படிப்பட்டது. ‘ஆப்சலீட்’ என்று குறிப்பிட்டிருந்தால் அந்தச் சொல் முற்றிலும் வழக்கொழிந்துபோனது. கருவிகளைப் பற்றிப் பேசும்போதும் இந்த வேறுபாடு உதவும்: ‘ஓல்ட்’ ஆன கருவி நன்றாகவே இயங்கிக்கொண்டிருக்கலாம், ‘ஆப்சலீட்’ ஆன கருவி, பெட்டியைப் பிரிக்காமல் புதிதாகவே கிடந்தாலும், அதன் இடத்தை வேறொன்று பிடித்துக்கொண்டது.

கேள்வி: ஷேக்ஸ்பியர் எழுதியது ‘ஓல்ட் இங்கிலீஷ்’ என்பது சரியா? (ஒரு பள்ளி மாணவி)

பதில்: சரியன்று. மொழியியலில் ‘ஓல்ட் இங்கிலீஷ்’ என்பது ஐந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் ஏறத்தாழ 1100 வரை வழங்கிய மொழியைக் குறிக்கும் தனிப்பெயர். இன்றைய ஆங்கிலம் அறிந்தவர் அதை வேற்று மொழியைப் போலப் பயின்றால்தான் படிக்க முடியும். 1400இல் மறைந்த ஆங்கிலக் கவிஞர் சாசருடைய மொழி இடைக்கால ஆங்கிலம். 1564 முதல் 1616 வரை வாழ்ந்த ஷேக்ஸ்பியரின் மொழி தொடக்க நவீன ஆங்கிலம். பேச்சில் ‘அந்தக் காலத்து ஆங்கிலம்’ என்ற பொருளில் சொல்ல விரும்பினால் ‘ஓல்டர் இங்கிலீஷ்’ என்று சொல்லலாம்.

கேள்வி: ‘ஓல்ட்’ என்பதற்கு எதிர்ச்சொல் ‘நியூ’வா, ‘யங்’கா? (ஒரு வாசகர்)

பதில்: உயிருள்ளவற்றின் வயதைச் சொல்லும்போது ‘யங்’, பொருட்களுக்கும், முதல் கேள்வியில் கண்ட உறவுப் பொருளுக்கும் ‘நியூ’. ‘அன் ஓல்ட் ஃபிரெண்ட்’ என்பதற்கு எதிர், உறவைக் கருதினால் ‘எ நியூ ஃபிரெண்ட்’, வயதைக் கருதினால் ‘எ யங் ஃபிரெண்ட்’. எந்த எதிர்ச்சொல் பொருந்துகிறது என்று பார்ப்பதன் மூலமே, அந்த இடத்தில் ‘ஓல்ட்’ எந்தப் பொருளில் வந்திருக்கிறது என்பதை அறிந்துகொள்ளலாம். தமிழில் ‘புதிய’ என்பதற்குப் ‘பழைய’ என்றும், ‘இளைய’ என்பதற்கு ‘மூத்த’ அல்லது ‘முதிய’ என்றும் இணைகள் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. நாடு, நட்சத்திரம் போன்றவை உயிரற்றவையானாலும் அவற்றுக்குப் பிறப்பும் வளர்ச்சியும் இருப்பதாக எண்ணி ‘யங் நேஷன்’, ‘யங் ஸ்டார்’ என்பது ஆங்கில வழக்கு.

கேள்வி: முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் அயல்நாட்டு நண்பர் ஒருவர், சென்ற கடிதத்தில் என்னை ‘டியர் ஓல்ட்’ என்று தொடங்கிப் பெயர் சொல்லி விளித்திருந்தார். நான் முதியவனாகிவிட்டேன் என்று நினைவூட்டுகிறாரா? (பணி ஓய்வு பெற்ற ஒரு வாசகர்)

பதில்: இல்லை ஐயா, அன்பைத்தான் சொல்கிறார். ‘டியர் ஓல்ட்’, ‘குட் ஓல்ட்’ என்னும் தொடர்களில் வரும் ‘ஓல்ட்’ வயதைக் கணக்கிடுவதில்லை. நெடுநாள் பழக்கத்தால் விளைந்த பரிவையும் நெருக்கத்தையும் அது காட்டுகிறது. இருபது வயது இளைஞனையும் அவனுடைய நண்பர்கள் இப்படி அழைப்பதுண்டு. பெயருக்கு முன்னால் இந்த ‘ஓல்ட்’ வரும்போது பேசுபவர் அதன்மேல் அழுத்தம் கொடுப்பதில்லை. அழுத்தம் பெயரின்மேலேயே விழும். வயதைக் குறிக்கும் ‘ஓல்ட்’ தன் அழுத்தத்தை இழப்பதில்லை. எழுத்தில் ஒலி இல்லாததால், முன்னால் ‘டியர்’ அல்லது ‘குட்’ இருக்கிறதா என்பதே நமக்குக் கிடைக்கும் அடையாளம். உங்கள் பதிலில் நீங்களும் அவரை அவ்வாறே விளிக்கலாம். கடிதத்துக்குள் அவரைப் பற்றிக் குறிப்பிட வேண்டிய இடத்தில் ‘மை ஓல்டஸ்ட் ஃபிரெண்ட்’ என்று எழுதினால், நண்பர்களுள் மிக நீண்ட காலம் உடன் வந்தவர் என்றே அவர் புரிந்துகொள்வார். எல்லாரையும்விட வயதில் மூத்தவர் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்.